தறிக்கூடம் பாரான கதை

மும்பை லோயர் பரேலில் பழைய மதுராதாஸ் மில் வளாகத்துக்குள் 'தோடி மில் சோஷியல்' என்று ஒரு பார். ஆலை போய், பெயர் மட்டும் பலகையில் மிச்சம். 'எப்படி?' என்று தோண்டினேன்.

1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பல ஆலைகள் திரும்பத் திறக்கவே இல்லை.

1991 விதிப்படி, ஆலை நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்று பங்கு: பூங்கா, மைதானத்துக்கு மாநகராட்சி, வீடு கட்ட வீட்டுவசதி வாரியம், மீதி ஆலைக்காரருக்கு. 2001-ல் திருத்தினார்கள்: கட்டடமில்லாத காலி நிலத்தை மட்டும் பிரித்தால் போதும்! ஆலைக்குள் காலி இடம் எவ்வளவு இருந்துவிடும்? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2006-ல் திருத்தமே நின்றது.

பழைய செங்கல் சுவர் அழகுதான், மறுக்கல. ஆனா இனி அதைப் பார்த்தா, பக்கத்தில் வராமல் போன பூங்காவும் வீடுகளும்தான் எனக்கு ஞாபகம் வரும்.