கண்ணாடியிழைப் படகு: தேய்ப்பும் மேற்பூச்சும்

கண்ணாடியிழைப் படகின் மங்கிய, வெடித்த ஜெல்கோட் பூச்சை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பூச்சு இடும் பராமரிப்பு வேலை. பாலியெஸ்டர் ரெசினில் ஊறிய கண்ணாடியிழை விரிப்புகளே படகின் உடல். ஜெல்கோட் அதன்மேல் ஏறத்தாழ அரை மி.மீ. தடிப்புள்ள காப்பு.

தமிழகக் கடற்கரையில் 'ஃபைபர் படகு' எனப்படும் கண்ணாடியிழைப் படகு, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்தது.

மெழுகும் எண்ணெயும் நீக்கிய பின்னரே தேய்க்க வேண்டும். இல்லையேல் அவை கீறல்களில் இறங்கிப் புதுப்பூச்சைப் பிடிக்கவிடா. 80 எண் தாளில் தொடங்கி 120, 220 என நுண்மை கூட்டப்படும். பூச்சிலுள்ள கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் கழுவி, முற்றிலும் உலர்த்தியே பட்டி வைக்கப்படும். இந்த உலர்த்தலில் அவசரம் காட்டினால் கொப்புளம் திரும்ப எழும்.

தேய்ப்புத் தூசு தோலையும் கண்ணையும் உறுத்தும்; நுரையீரலுக்கும் கேடு. கையால் நீர்விட்டுத் தேய்ப்பது தூசைக் குறைக்கும். மின் தேய்ப்பானில் அது ஆகாது. வாயில் துண்டு கட்டுவது காப்பாகாது; என்95 முகமூடி தேவை. அதுவும் ரெசினின் ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிப்பான் கொண்ட முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். ரெசினை இறுகச் செய்யும் ஹார்ட்னர் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு சேர்க்கப்படும். கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கியபின்பே ஹார்ட்னர் சேர்க்க வேண்டும்; இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடும்.