பச்சையப்பர் அறக்கட்டளை: மூலமும் உரையும்

தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுக்களைப் பயில்வோர் பொலிசை, பொலியூட்டு என்னும் சொற்களை அடிக்கடி காண்பர். பொலிசையாவது வட்டி. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பெற்ற காசுகள் ஊர்ச்சபைகளிடம் கடனாக வைக்கப்பட்டன. காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, பொலிசையாக வந்தது. நந்தா விளக்கெரிக்க விடப்பட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாவாதோ எனின், சாகும். ஆயினும் ஈன்ற குட்டிகளால் மந்தையின் தொகை குறையாது நிற்கும். முதல் நிற்க, அதன் பயன் மட்டும் செலவாதல் வேண்டும் என்னும் இக்கருத்தே அறக்கட்டளைகள் அனைத்திற்கும் உயிர்நிலையாம். கல்லில் வாழ்ந்த இக்கருத்து, உயில் என்னும் ஏட்டிற்குப் பெயர்ந்த காலத்து என்னவாயிற்று என்பதனைப் பச்சையப்ப முதலியாரின் கொடையை வைத்து ஈண்டு ஆராய்கின்றோம்.

பச்சையப்பர் பிறந்த ஆண்டு 1754. அக்காலத்துத் தமிழகத்தின் நிலையை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1750-இல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சியர் கைப்பட்டது. 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவலூர்பேட்டை முதலான செஞ்சிச் சீமையின் ஊர்களும் ஏனைய கருநாடகச் சீமைகளும் மாறி மாறி வந்த படைகளுக்கெல்லாம் சோறளக்க நேர்ந்தது. படைக்குப் பணம் வேண்டும். நவாபிடம் பணம் இல்லை. எனவே கடன் பிறந்தது. வரி வருமுன்னரே வரியின்மேற் கடன் வாங்கும் வழக்கம் அரசியலாகவே ஆகிவிட்டது. அயலாரின் மொழியறிந்து, நாட்டாரின் கணக்கறிந்து, இருவருக்கும் இடைநின்ற துபாஷிகள் இச்சூழலிற் பெருஞ்செல்வராயினர்.

தந்தையார் விசுவநாத முதலியார், மகன் பிறக்குமுன்னரே மறைந்தார். தாயார் பெரியபாளையத்தில் ஒரு வள்ளலின் ஆதரவில் பிள்ளையை வளர்த்துப் பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அங்குப் பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் துணையாற் பச்சையப்பர் தொழில் கற்றார். பின்னர்ச் சல்லிவன் என்னும் ஆங்கிலேயருக்குத் துபாஷியாகித் தஞ்சைச் சீமையிற் பொருள் ஈட்டினார். தஞ்சை அரசர் கும்பினிக்குச் செலுத்தவேண்டிய தொகைக்கு முன்பணம் தருதல் அவர் தொழிலின் பெரும்பகுதியாயிற்று. 1781-இல் ஐதரலியின் படையெடுப்பாற் பாழ்பட்ட நாடு தஞ்சை என்பதனை மறத்தலாகாது. அந்நாட்டின் உழவர் விளைத்த நெல்லே இறுதியில் அம்முன்பணத்தைத் தீர்த்தது. பச்சையப்பரைப் பாராட்டுவோர் பலரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். அது முறையன்று. காஞ்சிபுரத்தும் சிதம்பரத்தும் அவர் செய்த திருப்பணிகள் மெய். அவற்றிற்கு வந்த பொருளின் வழியும் மெய்.

1794 மார்ச்சு 22-ஆம் நாள் அவர் தம் உயிலை எழுதினார். அதே திங்கள் 31-ஆம் நாள் திருவையாற்றில் மறைந்தார். அகவை நாற்பது. உயிலின் நோக்கம் பழைய கல்வெட்டுக்களின் நோக்கத்தினின்று வேறுபட்டதன்று. கோயில் வழிபாடு, அன்னதானம், திருத்தலங்களில் நிகழ்த்தற்குரிய தருமங்கள் என்பனவே அதன் உள்ளீடு. வேறுபாடு காவலில் இருந்தது. கல்வெட்டு, தன் அறத்தைச் சபையிடமும் அடியார் கூட்டத்திடமும் ஒப்புவித்தது. உயிலோ தனியார் சிலரின் நேர்மையை நம்பி நின்றது. அந்நம்பிக்கை பிழைத்தது. உறவினர்க்குள்ளும் பொறுப்பாளர்க்குள்ளும் எழுந்த பூசல் சென்னை உயர்வழக்கு மன்றத்தை அடைந்து, ஆண்டுகள் பலவாக நீண்டது. தருமம் நடவாத அக்காலமெல்லாம் பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. நகைத்தற்குரிய செய்தியேயாயினும், அவ்வழக்கின் தாமதமே பிற்காலக் கல்விக்கூடத்திற்கு மூலதனமாயிற்று என்பது உண்மை.

கும்பினியின் சென்னை அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இவ்விடத்து வருகின்றார். 1839-இல் எழுபதினாயிரம் பேர் கையெழுத்திட்டுக் கல்வி வேண்டி ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளித்த விண்ணப்பத்தோடு தொடர்புடையவரும் அவரே. கோயில் தருமங்களுக்கு வேண்டிய தொகையை ஒதுக்கிய பின்னும் பொருள் எஞ்சுதலைக் கண்டு, எஞ்சியதனை ஏழை இந்துச் சிறுவரின் கல்விக்கு ஆக்குதற்கு வழி செய்யப்பட்டது. இத்திட்டம் உயிலின் சொற்களில் உள்ளதன்று; சொற்களின் பின்னின்ற தருமம் என்னும் கருத்திற்கு உரைக்கப்பட்ட புதுப்பொருள். இலக்கியம் பயில்வோராகிய நமக்கு இந்நிகழ்ச்சி புதிதன்று. மூலத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, மூலமுடையார் கருதாத காலத்திற்கும் அதனைப் பொருத்திக் காட்டும் உரையாசிரியரை நாம் அறிவோம். நார்ட்டனும் மன்றத்தாரும் செய்தது அத்தகைய உரையே. மூலத்திற்கு மாறுபட்ட உரையென அதனைத் தள்ளுதற்கு யாம் உடன்படோம். கல்விக்குரிய தொகை, கோயிலுக்குரியதனைக் குறைத்துப் பெறப்பட்டதன்று, எஞ்சியதனின்று பெறப்பட்டது.

1842 சனவரி முதல் நாள் பாப்பம் பிராட்வேயிற் பள்ளி தொடங்கிற்று. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஆங்கிலமும் அறிவியலும் கற்பித்தலோடு தமிழும் தெலுங்கும் கற்பித்தல் வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே இடம்பெற்றது. எஸ்பிளனேடில் கிரேக்கக் கோயிலொன்றன் வடிவில் எழுந்த மண்டபத்தை 1850-இல் ஆளுநர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்தார். பள்ளி 1880-இல் இரண்டாந்தரக் கல்லூரியாகவும் 1889-இல் முதல்தரக் கல்லூரியாகவும் உயர்ந்தது. 1940-இல் சேத்துப்பட்டிற்குப் பெயர்ந்தது.

தமிழ்த்துறையினர் இவ்வறத்திற்குப் பட்டுள்ள கடன் தனியே கூறத்தக்கது. 1910-இல் வெளிவந்த அபிதான சிந்தாமணியைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியார் இந்நிலையத்துத் தமிழாசிரியர். மு. வரதராசனார் 1939 முதல் 1961 வரை இக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார். தஞ்சைச் சீமையின் கடன் கணக்கில் விளைந்த வட்டி, நூற்றாண்டு கடந்து, கலைக்களஞ்சியம் தொகுத்த ஒருவர்க்கு ஊதியமாயிற்று என எண்ணும்போது வியப்பு மிகுகின்றது.

உரைக்கும் குறை உண்டு. இந்துச் சிறுவர்க்கெனத் தொடங்கிய எல்லை 1947 வரை நீடித்தது. பிற சமயத்து மாணாக்கர்க்குக் கதவு அடைத்தே இருந்தது. மூலத்தை விரித்துப் பொருள் கொண்டவர்கள் இவ்வோரிடத்தில் மட்டும் எழுத்தைக் கடந்திலர். பின்னர் அவ்வெல்லை நீங்கியது. காஞ்சிபுரம், கடலூர், சென்னை ஆகிய ஊர்களில் இவ்வறக்கட்டளையின்கீழ் மகளிர் கல்லூரிகள் உட்பட ஆறு கல்லூரிகள் நிலைபெற்றன. அண்மைக் காலத்தும் இதன் ஆட்சிபற்றி உயர்நீதிமன்றம் தலையிட நேர்ந்துள்ளது. காவலைப் பற்றிய பழைய வினா இன்னும் ஓய்ந்திலது.

இறுதியாக ஒரு சான்று. மன்றத்தின் தீர்ப்பிற்குப்பின் இத்தருமத்தைப் பற்றிய அறிவிப்பு, கோயில்கள் சிலவற்றிற் கல்லிற் பொறித்து வைக்கப்பட்டது. பச்சையப்பர் ஒரு லட்சம் வராகனைத் தருமத்திற்கு வைத்தமையும், அதன் வட்டியைக் கொண்டு தருமங்கள் நடைபெறவேண்டுமென்பதும் அப்பலகைகளில் பொதுமக்கள் அறியக் கூறப்பட்டன. அன்றைய கணக்கில் அத்தொகை மூன்றரை லட்சம் ரூபாய். ஏட்டிற்குச் சென்ற அறம் மீண்டும் கல்லிற்கே வந்தமையை இது காட்டும். காலத்தாற் பிற்பட்டன என்று கல்வெட்டாய்வாளர் பலர் இத்தகைய பலகைகளைப் படியெடாது விட்டுவிடுகின்றனர். சுண்ணாம்புப் பூச்சில் மறைவதற்குமுன் அவற்றை ஊர்தோறும் தேடிப் படியெடுத்தல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.