இரத்த அழுத்த மருந்து ஆய்வுகளில் மருந்துப்போலிக் குழு

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தின் பயனை அளவிடும் ஆய்வில், உண்மை மருந்தைத் தோற்றத்தில் ஒத்திருந்தும் மருந்துச் சரக்கு எதுவும் இல்லாத மாத்திரையை உட்கொள்ளும் நோயாளிகளின் தொகுதி மருந்துப்போலிக் குழு எனப்படும். யார் எக்குழுவில் சேர்வது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டு, அம்முடிவு நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு காக்கப்படும். இது இரட்டை மறைப்பு எனப்படும்.

இரத்த அழுத்தம் வேளைக்கு வேளை மாறுவது. உயர்ந்த அளவு பதிவான நாளில் ஒருவரை ஆய்வில் சேர்த்தால், மறுமுறை அளக்கும்போது அது தன் வழக்கமான நிலையை நோக்கி இறங்கியிருப்பது இயல்பு; மருத்துவமனை பழகப் பழக அச்சமும் தணிகிறது. ஒப்பிடக் குழு இல்லையெனில் இவ்விறக்கம் முழுவதும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும். சிறுநீரக நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை குறித்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிகிச்சை பெற்றோரிடம் இதயம் சுருங்கும்போது நிலவும் மேல் அழுத்தம் சராசரியாக ஏறத்தாழ 14 மி.மீ. (பாதரச அளவு) குறைந்தது, சிகிச்சை நடந்ததாகப் பாவனை மட்டும் செய்யப்பட்டோரிடமும் அது ஏறத்தாழ 12 மி.மீ. குறைந்திருந்தது.

அழுத்தத்தைக் குறைப்பது உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு விடை தந்ததே இக்குழுவின் பெரும் பணியாகும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரெய்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில், சேர விரும்பியோருக்கு முதலில் ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்து கலந்த மருந்துப்போலியே தரப்பட்டது. அச்சத்து கலந்த சிறுநீர் புற ஊதா ஒளியில் ஒளிருமாதலால், மாத்திரையை ஒழுங்காக விழுங்காதோரை இனங்கண்டு விலக்க முடிந்தது. இதயம் விரியும்போது நிலவும் கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைப் பற்றிய முடிவு 1967இல் வெளியானது: மருந்துப்போலி பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்து நால்வர் இறந்தனர், மருந்து பெற்ற 73 பேரில் கடும் பாதிப்பு இருவருக்கு மட்டுமே நேர்ந்தது, எவரும் இறக்கவில்லை. 

பயன் எவ்வளவு என்பதையும் இக்குழுவே காட்டுகிறது. மிதமான உயர் அழுத்தம் உடைய 17,354 பேரிடம் நடந்து 1985இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், மருந்து பெற்றோரில் 60 பேருக்கும் மருந்துப்போலி பெற்றோரில் 109 பேருக்கும் பக்கவாதம் வந்தது. மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 850 பேருக்கு ஓராண்டு மருந்து கொடுத்தால் தடுக்கப்படுவது ஒரு பக்கவாதமே.

பயன் உறுதிப்பட்டபின் நோயாளியை ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி விடுவது அறமன்று. எனவே 2002இல் வெளியான ஆல்ஹாட் போன்ற பெரிய ஆய்வுகள் மருந்தை மருந்துடனேயே ஒப்பிட்டன. 80 வயதைக் கடந்தோருக்குச் சிகிச்சை நன்மை தருமா என்ற ஐயம் அப்போதும் எஞ்சியிருந்ததால் ஹைவெட் ஆய்வில் மருந்துப்போலிக்கு இடமிருந்தது. மருந்து பெற்றோரிடம் இறப்பு குறைவது தெரிந்ததும் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2008இல் வெளியாயின. இன்று இக்குழு பெரும்பாலும் சில வார கால ஆய்வுகளில், அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் உடனே உண்மைச் சிகிச்சைக்கு மாற்றும் ஏற்பாட்டுடனோ, வழக்கமான மருந்துகளை இரு குழுவினருக்கும் தொடர்ந்து கொடுத்து அவற்றின் மேல் புதிய மருந்தையோ மருந்துப்போலியையோ சேர்ப்பதாகவோ அமைக்கப்படுகிறது.