சேத்துல இறங்குன தேர்: ஜீலம் ஆத்தங்கரைச் சண்டை

ரெண்டு பேர் எதிரெதிரே உக்காந்து ஆடுற பழங்காலப் போர் விளையாட்டு ஒண்ணு இருக்கு. பேரு 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்'. ரிச்சர்ட் போர்க் உருவாக்கினது, ஜிஎம்டி கேம்ஸ் 2006-ல வெளியிட்டாங்க. அறுகோணக் கட்டம் போட்ட பலகை, படம் ஒட்டின மரக்கட்டைகள், சீட்டு, தாயக்கட்டை, அவ்வளவுதான். முதல் பெட்டியில ரோமும் கார்த்தேஜும் மோதிக்குவாங்க. அதுக்குப் பின்னால வந்த முதல் கூடுதல் பெட்டியிலதான் கிரேக்கர்களும் கீழ்த்திசை ராஜ்யங்களும் வர்றாங்க. அலெக்சாண்டர் போட்ட சண்டைகளும் அதுல உண்டு. கி.மு. 326-ல போரஸோட மோதின ஜீலம் சண்டையும் அதுல ஒண்ணு. கிரேக்கர் அந்த ஆத்த ஹைடாஸ்பஸ்னு சொன்னாங்க. இன்னைக்கு அந்த இடம் பாகிஸ்தான்ல, பஞ்சாப் பக்கம் இருக்கு.

பள்ளிக்கூடத்துல இந்தச் சண்டையைப் பத்தி நமக்கு ஒரே ஒரு சங்கதிதான் சொல்லிக் குடுத்தாங்க. தோத்துப்போன போரஸ்கிட்ட "உன்னை எப்படி நடத்தணும்"னு கேட்டப்ப, "ராஜா மாதிரி"னு அவர் சொன்ன பதில். அதுக்கு முன்னால ஆத்தங்கரையில நடந்ததுதான் விவசாயிங்க கவனிச்சுப் படிக்க வேண்டிய பகுதி.

கோடை மழையும் சேர்ந்து, இமயமலைப் பனியும் உருகி, ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. எதிர்க்கரையில போரஸ் யானைகளை வரிசையா நிறுத்திட்டார். யானை வாடை பட்டா பழக்கமில்லாத குதிரை மிரளும், தெப்பத்துல இருந்து தண்ணியில குதிச்சிடும். அப்ப என்ன பண்றது? அலெக்சாண்டர் சுத்துவட்டாரத்துத் தானியத்தையெல்லாம் தன் முகாமுக்குக் கொண்டுவரச் சொன்னார். மூட்டை மூட்டையா தானியம் சேர்றதைப் பாத்தா யாரும் என்ன நினைப்பாங்க? குளிர்காலத்துல தண்ணி வத்துற வரைக்கும் இங்கேயே உக்காரப் போறான்னுதானே? போரஸும் அப்படியே நினைக்கணும்னுதான் இந்த ஏற்பாடு. அதுபோக, தினம் ராத்திரி கரையில குதிரைப்படையை ஓட்டி ஒரே கூச்சல். போரஸும் ஒவ்வொரு தடவையும் யானைகளை நகர்த்தி நகர்த்திப் பாத்து, கடைசியில சலிச்சுப்போய் விட்டுட்டார். வரப்புல தினமும் சும்மா சத்தம் கேட்டா பன்னிக்குக் காவல் இருக்கிறவனும் நாலாம் நாள் தூங்கிடுவான், அந்தக் கதைதான்.

படகு விஷயமும் சொல்லணும். சிந்து நதியில இருந்த படகுகளைச் சின்னதை ரெண்டாவும் பெருசை மூணாவும் அறுத்து, வண்டியில ஏத்தி இங்க கொண்டுவந்து திரும்ப இணைச்சிருக்காங்க. அந்த ஆசாரிங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

முகாம்ல ஒரு படையை விட்டுட்டு, கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் மேல போய், மரம் மண்டின ஒரு தீவு மறைவுல கடந்தாங்க. அன்னைக்கு ராத்திரி இடி மழை. சத்தத்தை மறைக்க அது உதவுச்சு, ஆனா மழை யாருக்கும் ஒரு பக்கமா வேலை செய்யாதுல்ல? கரைன்னு நினைச்சு இறங்கின இடம் இன்னொரு தீவு. நடுவுல இருந்த சின்ன ஓடை ராத்திரி மழையில பெருகிடுச்சு. ஆளுக்கு நெஞ்சளவு தண்ணி, குதிரைக்குத் தலை மட்டும்தான் வெளியில. அப்படியே கடந்துட்டாங்க.

சேதி தெரிஞ்சதும் போரஸ் தன் மகனைத் தேர்களோட அனுப்பினார். அறுபது தேர்னு அரிஸ்டோபுலஸ் எழுதியிருக்கார், நூத்தி இருபதுன்னு டாலமி. கர்ட்டியஸ் நூறுங்கிறார், ஒரு தேர்ல ஆறு பேருன்னும் சொல்றார். எத்தனையா இருந்தா என்ன, விடிய விடிய மழை பேஞ்ச ஆத்துப்படுகை வண்டல்ல ஆறு பேரோட தேரை இறக்கினா சக்கரம் என்ன ஆகும்? பாரம் ஏத்தின வண்டியை ஐப்பசியில வயலுக்குள்ள விட்டுப் பாத்தவங்களுக்குப் பதில் தெரியும். தேரெல்லாம் சிக்கிக்கிச்சு, மகனும் செத்துட்டான். வில்லாளிகளுக்கும் அதே கதி. இந்திய வில் ரொம்பப் பெருசு, தரையில ஊனித்தான் நாணை இழுக்கணும். வழுக்குற மண்ணுல ஊன முடியலைன்னு கர்ட்டியஸ் சொல்றார்.

இதுல போரஸுக்கு மண்ணு தெரியலைன்னு சொல்ல நான் ஒத்துக்க மாட்டேன். மகன் செத்த சேதி வந்த பிறகும், சேறு இல்லாத, மணல் கலந்து இறுகின சமதரையைத் தேடிப்போய்தான் அவர் படையை நிறுத்தினார். அர்ரியன் இதைத் தெளிவா எழுதியிருக்கார். அங்க யானை 200, காலாள் 30,000-ங்கிறது அவர் கணக்கு. ஆத்தைக் கடந்த அலெக்சாண்டர் பக்கம் குதிரை 5,000, காலாள் 6,000 பக்கம்.

யானையைத்தான் அந்த விளையாட்டு நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கு. யானைக் கட்டை தாக்கும்போது அதுக்குன்னு தனி பலம் கிடையாது. எதிரி எத்தனை தாயம் உருட்டுவானோ அத்தனையை யானையும் உருட்டும். எதிரி பலமானவனா இருந்தா யானையும் பலம். ஆனா அது பின்வாங்க வேண்டி வந்தா மதம் பிடிச்சு, பக்கத்துல நிக்கிற எல்லாருக்கும் அடி, சொந்தப் படையா இருந்தாலும் சரி. ஜீலத்துல நடந்ததும் இதுதான். பாகன்களை ஈட்டி எறிஞ்சு வீழ்த்தினாங்க, குதிரைப்படை சுத்தி நெருக்குச்சு, யானைங்க இடமில்லாம போரஸ் ஆளுங்களையே மிதிச்சுது. கிரேக்கனுக்கு ஒதுங்கி வழிவிட இடம் இருந்துச்சு, இவங்களுக்கு இல்ல. பலகையில ஆடுனா அந்த நெரிசல் கண்ணுக்குத் தெரியுது. சேறு மட்டும் எந்த அட்டையிலயும் ஒட்டாது.

செத்தவங்க கணக்கு நம்புற மாதிரி இல்ல. அர்ரியன் போரஸ் பக்கம் காலாள் மட்டும் 20,000-க்கு நெருக்கம்னு சொல்லிட்டு, அலெக்சாண்டர் பக்கம் 300 பேர் பக்கம்ங்கிறார். டியோடோரஸ் அதை 12,000-க்கு மேல, இந்தப் பக்கம் ஆயிரம் பேர் பக்கம்னு மாத்துறார். ரெண்டுமே நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சு ஜெயிச்சவங்க பக்கம் இருந்து எழுதினது. நம்ம பக்கத்துல இருந்து இந்தச் சண்டையைப் பத்தி அந்தக் காலத்து எழுத்து ஒண்ணுகூட இல்ல.

ஜெயிச்ச சந்தோஷத்துல ரெண்டு ஊர் கட்டினார் அலெக்சாண்டர். ஒண்ணு நிகையா, இன்னொண்ணு செத்துப்போன தன் குதிரை பேர்ல புக்கிஃபாலா. பியாஸ் ஆத்தோட படை இனிமே நடக்க மாட்டோம்னு நின்னப்ப, எழுபது நாள் விடாம பேஞ்ச மழையும் ஒரு காரணம்னு டியோடோரஸ் சொல்றார். திரும்பி ஜீலத்துக்கு வந்தப்ப அந்தப் புது ஊர்க் கட்டடங்களை மழை அரிச்சிருந்துச்சு. படையை விட்டு அதைச் செப்பனிட்டுட்டுத்தான் தெக்கே படகு ஏறினார்.