டர்போ கார்களில் ஆல்கஹால் பீய்ச்சலும் இக்னிஷன் டைமிங்கும்

ஆல்கஹால் பீய்ச்சல் என்பது, டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் காற்றில் மெத்தனாலையோ, மெத்தனாலும் நீரும் கலந்த கரைசலையோ நுண்துளிகளாகத் தெளிக்கும் முறை. காற்றைக் குளிர்வித்து நாக்கிங்கைத் தள்ளிப்போடுவது அதன் வேலை. அப்படிக் கிடைக்கும் இடத்தில் பிளக்கின் பொறியை இன்னும் எத்தனை டிகிரி முந்தவிடலாம் என்று பார்த்து அமைப்பது டைமிங் டியூனிங். இரண்டும் சேர்ந்த வரலாற்றில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: தொட்டி வற்றினால் இன்ஜின் என்ன ஆகும்?

பொறி விழுந்த கணத்திலேயே சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறியை விட்டாக வேண்டும். பிஸ்டன் உச்சியைக் கடந்து கிராங்க் சுமார் 15 டிகிரி திரும்பும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட்டால் முறுக்குவிசை முழுதாகக் கிடைக்கும். பொறி அளவுக்கு மீறி முந்தினால், இன்னும் எரியாமல் ஓரத்தில் மிஞ்சிய கலவை நசுங்கிச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற அந்த ஓசைதான் நாக்கிங். டர்போ காற்றை அழுத்தும்போதே சூடாக்கிவிடுவதால் அங்கே இந்த ஆபத்து கூடுதல். பொறியைத் தாமதப்படுத்தினால் நாக்கிங் அடங்கும். ஆனால் வேலையாக மாறவேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியே போய் டர்பைனைச் சுடும்.

ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மெத்தனால் ஏறத்தாழ 1,100, நீர் 2,257. குளிர்விப்பதில் நீரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது எரியாது, அளவு கூடினால் தீயை மந்தமாக்கிவிடும். மெத்தனால் குளிர்விப்பதோடு தானும் எரிந்து சக்தி தருகிறது. அதன் ஆக்டேன் எண்ணும் சாதாரண பெட்ரோலைவிட உயர்ந்தது. இரண்டையும் கலந்து பயன்படுத்தும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

நீரைத் தெளிக்கும் யோசனை டர்போ கார்களைவிட மிகப் பழையது. ஹங்கேரியின் பாங்கி டொனாட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீர் தெளித்து, உயர் அமுக்க விகிதத்தில் இன்ஜினை ஓட்டினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1913இல் எரிவாயு இன்ஜினின் சிலிண்டருக்குள்ளேயே நீரைச் செலுத்திக் குளிர்விக்கும் முறையை விளக்கினார். இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். ஜெர்மானியப் போர் விமானங்களின் எம்டபிள்யூ 50 கரைசலில் மெத்தனாலும் நீரும் ஏறத்தாழச் சரிபாதி. துருவைத் தடுக்கச் சிறிது எண்ணெயும் உண்டு. ஒரு மூச்சில் 10 நிமிடத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 விமான இன்ஜினின் ஒரு வகை, நீர்க் கரைசலின் துணையால் 2,000 குதிரைத்திறனிலிருந்து 2,250 வரை ஏறியது. கரைசல் பாயும்வரை பெட்ரோலைக் குறைத்து, நின்றதும் தானாகவே கூட்டிவிடும் ஒரு வால்வும் இந்த ஏற்பாட்டில் இருந்தது. தொட்டி வற்றும் வேளையை அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களைச் சந்தைக்கு விட்டது. ஒரே நிறுவனம், ஒரே சிக்கல், இரண்டு விடைகள். செவ்ரலே கோர்வேர் மோன்சா ஸ்பைடரில் அமுக்க விகிதத்தை 8:1 ஆகக் குறைத்தார்கள். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், ஏறும்போது பொறியைத் தாமதப்படுத்தும் அமைப்பை டிஸ்ட்ரிபியூட்டரில் வைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரோ 10.25:1 என்ற உயர்ந்த விகிதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 215 கன அங்குல வி8 இன்ஜினிலிருந்து 215 குதிரைத்திறன் எடுத்தது. அதற்கு ஈடாக, ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’ என்ற மெத்தனால்-நீர்க் கலவையைக் கார் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தீர்ந்தால் ஒரு வால்வு பூஸ்டை மட்டுப்படுத்தும். பொறியாளர்கள் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் பலர் அந்தத் தொட்டியை நிரப்பவேயில்லை. காரின் வேகம் போய்விட்டது என்ற குறைதான் மிஞ்சியது. இரண்டே ஆண்டுகளில், பத்தாயிரத்தைத் தொடாத எண்ணிக்கையோடு தயாரிப்பு நின்றது. பின்னர் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித் தரவும் நிறுவனமே முன்வந்தது.

அடுத்த திருப்பம் நாக் சென்சார். 1978இல் பியூக்கின் 3.8 லிட்டர் டர்போ வி6 இன்ஜினில், பிளாக்கின் அதிர்வைக் கேட்டு நாக்கிங்கை உணர்ந்து பொறியைப் பின்னுக்கு இழுக்கும் மின்னணு ஏற்பாடு வந்தது. 1984இல் டிஸ்ட்ரிபியூட்டர் போயிற்று. 1986, 1987 பியூக் கிராண்ட் நேஷனல் கார்களில் இன்டர்கூலரும் சேர்ந்தது. டைமிங் அட்டவணை, கழற்றி மாற்றக்கூடிய ஒரு சிப்பில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி டைமிங் வைத்த கைகள் சிப் எழுதத் தொடங்கின. டிக்கியிலோ பானட்டுக்குள்ளோ ஒரு தொட்டி, ஒரு பம்ப், ஒரு நாசில் என்று ஆல்கஹால் பீய்ச்சல் இந்தக் கார்களின் ரசிகர்களிடையே வேரூன்றியது இப்படித்தான்.

இந்தக் கார்களில், பங்க் பெட்ரோலில், முழு பூஸ்டில், 18 டிகிரி வாக்கில் நிறுத்தவேண்டிய பொறியை ஆல்கஹாலின் துணையால் 20க்கும் மேலே கொண்டுபோகலாம். ஆனால் கை முதலில் அங்கே போகக்கூடாது. முதலில் பீய்ச்சல் சீராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு கலவை: ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். அதனால் தெளிக்கும் அளவையும் எரிபொருள் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அடுத்து பூஸ்ட். டைமிங் கடைசியில்தான், அதுவும் ஒவ்வொரு டிகிரியாக. முந்தவிட்டும் சக்தி கூடவில்லை என்றால் அங்கேயே நிறுத்தவேண்டும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிகிரியும் ஹெட் கேஸ்கெட்டுக்கு வைக்கும் சுமை. டர்போ காரில் சக்தி பெரும்பாலும் பூஸ்டிலிருந்தே வருகிறது, டைமிங்கில் பேராசை வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் குழாய் பாடியில் இடித்தாலும் நாக் சென்சார் ஏமாறும் என்பதால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்றும் போகவில்லை.

பம்ப் நின்றால் முந்தவிட்ட அந்தப் பொறியே இன்ஜினுக்குப் பகை. நல்ல அமைப்புகளில் தொட்டி மட்டத்தைக் காட்டும் மிதவையும், ஓட்டத்தை அளக்கும் சென்சாரும், அது குறைந்தால் பூஸ்டை இறக்கும் வால்வும் இருக்கும். இவை இல்லாத வண்டியில் டைமிங்கை ஏற்றக்கூடாது.

மெத்தனாலைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். அது நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும்; பகலில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கள்ளச்சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான். பெயர் எழுதாத பாட்டிலில் அதை ஊற்றி வைக்கவே கூடாது.

2016இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், ஆல்கஹாலை விட்டுவிட்டு வெறும் காய்ச்சி வடித்த நீரோடு வந்தது. 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 500 குதிரைத்திறன், டிக்கியில் 5 லிட்டர் தொட்டி. நீர் குறைந்தால் கணினி பூஸ்டையும் டைமிங்கையும் சேர்த்தே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்ததும், குளிரில் உறைந்துவிடாதபடி குழாயில் மிஞ்சிய நீர் தொட்டிக்கே திரும்பிவிடும்.