மௌனம் கலைந்த வரலாறு

நாடு பிரிந்த வரலாற்றைப் பாடநூல்கள் தேதிகளாலும் தலைவர்களின் பெயர்களாலும் கூறி முடித்துவிடுகின்றன. 1947 ஆகஸ்டு 15-இல் விடுதலை; 17-இல் ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோட்டின் வெளியீடு; ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் இடப்பெயர்ச்சி. மாண்டோர் தொகை 2 லட்சம் முதல் 20 லட்சம் வரை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. ஆயினும், அக்கோடி மக்களுள் ஒருவர் என்ன கண்டார், எதை இழந்தார் என்பதை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் கேட்கவே இல்லை.

தலைநகரில் வாழும் தமிழர்க்கு இது அயலார் கதை அன்று. புராணா கிலாவிலும் கிங்ஸ்வே முகாமிலும் கூடாரமடித்துத் தங்கிய அகதிகளுக்காக எழுந்தவையே லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் போன்ற குடியிருப்புகள். உத்தியோக நிமித்தம் வந்த நம்மவர் பலர் அவர்கள் வீடுகளிலேயே குடிக்கூலிக்கு இருந்தனர். லாகூர்க் கடைவீதியின் பெருமையை அப்பெரியோர் ஓயாது பேசுவர்; வந்த வழியைப் பற்றிப் பேசுவதோ அரிது.

இம்மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. கையில் ஒன்றுமின்றி வந்தவர்க்கு அன்றாடப் பிழைப்பே பெரும்பாடு. அழுவதற்கு ஓய்வு ஏது? அதனினும் ஆழமானது குலமானம் என்னும் பூட்டு. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி வட்டாரத்துத் தோவா கால்சா என்னும் ஊரில், பகைவர் கைப்படாதிருக்கப் பெண்கள் பலர் கிணற்றில் வீழ்ந்து மாண்டனர். வேறு சிற்றூர்களில் தந்தையரும் உடன்பிறந்தாருமே தம் பெண்களைக் கொன்றதுண்டு. இவை யாவும் தியாகம் என்று போற்றப்பட்டன. அப்பெண்கள் வாழ விரும்பினரா என்று கேட்டவர் இலர்.

கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949-இல் சட்டம் இயற்றப்பட்டது. இரு நாடுகளிலுமாகச் சுமார் 30,000 பெண்கள் மீட்கப்பட்டனர். ஆனால் அச்சட்டம் அவர்தம் விருப்பத்தைக் கருதவில்லை. புதிய வாழ்வில் வேரூன்றிவிட்ட சிலரும் மனமின்றியே அனுப்பப்பட்டனர். திரும்பிய பெண்ணை ஏற்ற இல்லமும் நடந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்பூட்டு மெல்லவே திறந்தது. ராவல்பிண்டியில் பிறந்த பீஷ்ம சாஹனி, 1970-இல் பிவண்டிக் கலவரத்தின் அழிவை நேரில் கண்டபோது தம் ஊரின் 1947-ஐ மீண்டும் கண்டார். அதன் விளைவே 1974-இல் வெளிவந்த 'தமஸ்' நாவல். 1984-இல் தில்லியில் சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது, முதியோர் பலர் முன்னைய நினைவுகளைக் கூறலாயினர். அப்போது நிவாரணப் பணியில் இருந்த ஊர்வசி புட்டாலியா அவற்றைச் செவிமடுத்தார். அவருடைய தாய்மாமன் ஒருவர் லாகூரிலேயே தங்கி மதம் மாறியவர். குடும்பத்தாருக்கும் அவருக்கும் நெடுங்காலம் தொடர்பே இருந்ததில்லை. ஊர்வசி அவரை நேரில் சென்று கண்டார். இத்தேடல்கள் 1998-இல் நூலாயின. 2017-இல் அமிர்தசரஸ் நகரமன்றக் கட்டடத்தில் பிரிவினை அருங்காட்சியகமும் அமைந்தது.

சொல்வதனால் மாண்டவர் மீளார். விட்டுவந்த வீடும் கிட்டாது. எனினும், சிதறிக் கிடந்த நினைவுகள் சொல்லில் வரிசை பெறுகின்றன; தனியொருவர் சுமந்த பாரம், கேட்பவரோடு பகிரப்படுகிறது. குற்றமே செய்யாதவர் சுமந்த நாணம், உரியவரிடம் திரும்பிச் செல்கிறது. ஆனால் ஒன்று: கேட்பவர்க்குப் பொறுமை வேண்டும். சொல்ல விரும்பாதவரின் மௌனத்தையும் மதித்தல் வேண்டும். கிளறுதல் வேறு, கேட்டல் வேறு அன்றோ?

நம் இல்லங்களிலும் இத்தகைய மௌனங்கள் இல்லாமற் போகவில்லை. 1942-இல் பர்மாவினின்று காடும் மலையும் கடந்து நடந்தே வந்தோருள் தமிழர் பல்லாயிரவர். வழியில் மடிந்த குழந்தைகளைப் பற்றி அவர்களுள் எத்தனை பேர் பேசினர்? அன்று சிறுவராயிருந்து நடந்தவருள் இன்று எஞ்சியோர் மிகச் சிலர். 1947-ஐ நினைவில் வைத்திருப்போரும் தொண்ணூறை எட்டும் முதியோரே. விடுமுறை நாளில் பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகே அமர்ந்து கேட்கட்டும். அவர்கள் இசைந்தால் எழுதியும் வைக்கட்டும். பாடநூல் விட்ட பக்கங்கள் அவ்வாறே நிரம்பும்.