பஃபலோவின் பழியும் ஹரிக்கேனின் இறக்கையும்: 1:12 மாதிரிப் போர் விமானத் தேர்வில் இறக்கைச் சுமை

எதிராளியின் பின்னால் இழுபடும் கிரேப் காகித நாடாவை அறுக்கும் ரிமோட் விமானச் சண்டைக்கு எந்தப் போர் விமானத்தின் மாதிரியைக் கட்டுவது? வழக்கமான விடை எளிது. அசல் விமானத்தின் எடையை இறக்கைப் பரப்பால் வகுத்து, எண் எதற்குக் குறைவோ அதைக் கட்ட வேண்டும். இந்த இறக்கைச் சுமை அட்டவணைக்கு ஆதரவாக எழுதுவோர் இரண்டாம் உலகப்போரின் மலாயா வான்போரைச் சான்றுக்கு இழுப்பதுண்டு. அந்தச் சான்றும் அதிலிருந்து பெறும் முடிவும் மறுபரிசீலனைக்கு உரியவை என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஜொகூரில் ரெங்கம் என்ற ஊருக்கு வடக்கே உள்ள குளுவாங் விமானத்தளம் 1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியர் வசமானது. அந்த வாரங்களில் ஜொகூர், சிங்கப்பூர் வான்பரப்பில் மோதியவற்றுள் மூன்று விமானங்கள் இங்கே போதும். ஜப்பானியரின் நகஜிமா கி-43 ஹயபுசாவின் இறக்கைப் பரப்பு 22 சதுர மீட்டர், எடை சுமார் 2,050 கிலோ; சதுர மீட்டருக்கு 93 கிலோ. பிரிட்டிஷ் தரப்பின் புரூஸ்டர் பஃபலோவுக்கு 19.4 சதுர மீட்டர், சுமார் 3,000 கிலோ, ஆக 155. பெட்டிகளில் சிங்கப்பூர் வந்திறங்கி, பூட்டி முடித்த கையோடு ஜனவரி 20இல் சண்டைக்குப் போன, அதே தரப்பின் ஹரிக்கேனுக்கு 23.9 சதுர மீட்டர். இறக்கைச் சுமை 135க்கு மேல். அட்டவணைப்படி ஹயபுசா முதலிடம், பஃபலோ கடைசி. போரின் போக்கும் அதையே உறுதிசெய்வதுபோலத் தோன்றுகிறது.

தோன்றுகிறது, அவ்வளவுதான். 44 பஃபலோக்களைப் பெற்ற பின்லாந்து, இதே பரப்புள்ள இறக்கையோடு 1941 முதல் சோவியத் விமானங்களை ஆண்டுக்கணக்கில் வேட்டையாடியது. அவை மலாயாவுக்கு வந்தவற்றைவிட எடை குறைந்தவை என்பது உண்மை. ஆனால் மலாயாவிலும் விமானிகள் துப்பாக்கியை மாற்றி, எரிபொருளைக் குறைத்து எடையைக் கழித்தார்கள், முடிவு மாறவில்லை. போதிய முன்னெச்சரிக்கை இல்லாமை, எண்ணிக்கைக் குறைவு, திணறிய இயந்திரம், மந்தமான ஏற்றம் ஆகியவற்றின் பழியை இறக்கையின் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கருத இடமுண்டு. மேலும், இப்படிக் கூடிக் குறையும் எடைக்கு ஒரே எண்ணைப் பதிக்கும் அட்டவணை எந்த நாளின் எடையைச் சொல்கிறது?

மாதிரிக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1:12 அளவில் பரப்பு 144இல் ஒரு பங்காகிறது. எடையும் அளவுவிதிக்குக் கட்டுப்பட்டால் 1,728இல் ஒரு பங்காக வேண்டும்: பஃபலோ 1.74 கிலோ, ஹயபுசா 1.19 கிலோ. அப்படி யாரும் கட்டுவதில்லை. எந்த மாதிரியானாலும் உள்ளே போவது அதே இயந்திரம், அதே பேட்டரி, அதே ரிசீவர், அதே சர்வோக்கள். அசல்களுக்கு இடையே இருந்த ஒரு டன் வித்தியாசம் பட்டறை மேசையிலேயே மறைந்துவிடுகிறது.

மூன்றும் 1.2 கிலோ என்று கொள்வோம். பஃபலோ மாதிரியின் இறக்கை 13.5 சதுர டெசிமீட்டர். சுமை சதுர டெசிமீட்டருக்கு 89 கிராம். ஹயபுசா 15.3; சுமை 78.5 கிராம். அசலில் 66 விழுக்காடாக இருந்த இடைவெளி 13 விழுக்காடாகச் சுருங்குகிறது. ரெங்கத்தின் நடுப்பகல் வெக்கையில், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ என்றும் தூக்குக் கெழு 1 என்றும் வைத்தால், ஸ்டால் வேகம் (இறக்கை தூக்கிழக்கும் வேகம்) முறையே வினாடிக்கு 12.3, 11.6 மீட்டர். நாடாவைத் துரத்தும் விரல்களுக்கு இந்த வேறுபாடு எட்டுமா என்பது ஐயமே. ஹரிக்கேனோ 16.6 சதுர டெசிமீட்டர், 72 கிராம். அட்டவணையில் பஃபலோவுக்கு அருகில் கிடந்தது ஹயபுசாவையே முந்திவிடுகிறது.

பெரிய இறக்கைக்கு மரம் கூடுதலாகுமே என்பார்கள். நூறு கிராம் சேர்த்தாலும் ஹரிக்கேன் ஹயபுசாவோடு சமநிலையில்தான் நிற்கும். வேகம் குறையும் என்ற ஆட்சேபத்துக்கு இங்கே நேரம் செலவிடத் தேவையில்லை. ஏனெனில் நாடா அறுபடுவது பெரும்பாலும் திருப்பத்தில். வலுவான மறுப்பு வேறொன்று: பஃபலோவின் குட்டை மூக்கில், ஈர்ப்பு மையத்துக்காக ஈயம் வைக்க நேரிடலாம். ஆகவே சம எடை என்ற கருதுகோள் எல்லா உடலமைப்புக்கும் அப்படியே பொருந்தாது. சிறிய நாண் நீளத்தில் ரெனால்ட்ஸ் எண் தாழ்வதால், கூம்பிய இறக்கையின் நுனி முதலில் தூக்கிழப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும் இவ்விரண்டும் அசலின் எடையைக் கொண்டு மாதிரியைத் தேர்வதற்கு ஆதரவாகா.

இறக்கைச் சுமையே பயனற்றது என்பதல்ல வாதம். சக்கரமின்றிக் கையால் எறிந்து பறக்கவிடும் மாதிரிக்கு, எறிந்த கணத்தில் உயிர் கொடுப்பது அதுதான். ஆனால் அந்த எண் தராசில் வைத்த மாதிரியின் எண்ணாக இருக்க வேண்டும். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இ இதற்குத் தக்க சோதனை. பரப்பு 16 சதுர மீட்டருக்குச் சற்று மேல், எடை 2,600 கிலோவை ஒட்டியது. அட்டவணையில் அது பஃபலோவின் பக்கத்து வீட்டுக்காரர். அதே 1.2 கிலோவில் 1:12 மாதிரியாகக் கட்டினால், பஃபலோ 89 கிராமில் நிற்க, மெஸ்ஸர்ஷ்மிட் 105 கிராமைத் தாண்டிப் போகிறது.